வயர்லெஸ்ஸில் கேட்ட கேள்வி

போன மாதம் திவ்யா வீட்டுக்கு வந்திருந்தாள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தொண்டு நிறுவனத்தில் பெற்றோர் கூட்டங்களை இப்போது கவனிப்பவள் அவள்தான். கூட்டம் என்று நான் சொல்வது பழக்கதோஷம். இப்போது சனிக்கிழமைதோறும் பெற்றோரின் போனுக்கு ஒரு வீடியோ போகிறது. சிரித்த முகமாக ஒரு பெண் வந்து, பிள்ளையைப் படிக்கவைப்பது எப்படி என்று சொல்கிறாள். பார்த்தவர்கள் கட்டைவிரல் படத்தைத் தட்டிவிட்டால் கூட்டத்துக்கு வந்ததாகக் கணக்கு. பார்க்காமலும் தட்டலாம். எனக்கும் அனுப்புகிறார்கள்; நானே தட்டியிருக்கிறேன்.

"அம்மாங்களாவது பார்க்கறாங்க மேடம். அப்பாங்க எட்டிக்கூடப் பார்க்கறதில்ல. நீங்க மட்டும் எப்படி அத்தனை அப்பாங்கள உக்கார வெச்சீங்க? புதுசா சேர்ந்தவங்களுக்கு உபயோகமா இருக்கும், எழுதிக் கொடுங்களேன்" என்றாள்.

செய்யவேண்டியவை, செய்யக்கூடாதவை என்று வரிசை போட்டு எழுத எனக்கு வராது. ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதுகிறேன். அவர்களை நினைக்காமல் இந்த வேலையைப் பற்றி என்னால் எதையும் நினைக்க முடிவதில்லை.

நான் திருவொற்றியூர்க்காரி. டியூஷன் சென்டரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவளை நிறுவனத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ஏசி போட்ட ஹாலில் பயிற்சி நடந்தது. முடிந்ததும் கையில் சில படங்களைக் கொடுத்து அனுப்பினார்கள். படத்தில் அப்பா சோபாவில் உட்கார்ந்திருப்பார், மடியில் பிள்ளை, கையில் கதைப் புத்தகம். அவற்றைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு ராயபுரத்துச் சந்துகளில் அலைந்தேன். ஒரு வீட்டில் ஆணியில் மாட்டிக் காட்டினேன். அந்த வீட்டு அம்மா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இந்த ஆளுக்கு வேல வெட்டி ஒண்ணியும் இல்லியா?" என்று கேட்டார். பயிற்சியில் அதற்குப் பதில் சொல்லித்தரவில்லை.

வேலையை உண்மையில் கற்றுக்கொண்டது கோகிலா மேடத்திடம். எனக்கு மேலதிகாரி. ஒல்லியான உருவம், தோளில் ஒரு துணிப்பை, மெல்லிய குரல். எந்தக் கூட்டத்திலும் நாற்காலியில் உட்காரமாட்டார். யாராவது அன்பாக நாற்காலியைத் துடைத்துப் போட்டால் அதில் பையை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிடுவார். அவரிடம் இரண்டு கட்டளைகள் உண்டு. பிள்ளையின் மார்க்கை நாம் கேட்கக் கூடாது. பெற்றவர்களிடம் "நீங்கள் இப்படிச் செய்ய வேண்டும்" என்று ஆரம்பிக்கக் கூடாது. இரண்டாவதை நான் மீறிய நாளில் எல்லார் எதிரிலும் ஒன்றும் சொல்லாமல், பஸ் ஸ்டாப்பில் வைத்து, "அவங்க பிள்ளைய அவங்க பதினாலு வருஷமா பாக்கறாங்க. நீ எத்தனை வருஷமா பாக்கற?" என்றார். பஸ் வரும்வரை நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பாக்களைப் பிடித்தது மேடத்தின் யோசனைதான். கல்மண்டபம் பக்கத்து ஆண்களில் பலர் தங்கல் போட்டில் போகிறவர்கள். ஐஸையும் அரிசியையும் ஏற்றிக்கொண்டு போனால் பத்துப் பன்னிரண்டு நாள் கடலிலேயே தங்கிவிட்டுத்தான் கரைக்கு வருவார்கள். வந்ததும் தூக்கம், குளியல், கொஞ்சம் குடி, மறுபடி கடல். இவர்களைச் சமூகக்கூடத்துக்கு வரச் சொல்லி நான் தொண்டை வற்றக் கூப்பிட்டிருக்கிறேன். மேடம் கூப்பிடவே இல்லை. ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும், காசிமேட்டில் அவர்கள் வலை பின்னுகிற இடத்துக்கு என்னை அழைத்துக்கொண்டு போனார். விரித்துப்போட்ட வலைக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். யாரையும் வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. "கையில வேலை இருந்தாத்தான் ஆம்பிளைங்க மனசுவிட்டுப் பேசுவாங்க. யார் முகத்தையும் பாக்க வேண்டியதில்ல பாரு" என்று என்னிடம் சொல்லியிருந்தார். அது உண்மைதான். ஊசியையும் நூலையும் பார்த்துக்கொண்டே அந்த ஆண்கள் சொன்னதையெல்லாம் அவர்களுடைய மனைவிமார்கூடக் கேட்டிருக்கமாட்டார்கள்.

அங்கே ஒருநாள் ஒருவர் அலுத்துக்கொண்டார். "எம் புள்ளைய இன்னாடா புரிஞ்சிச்சானு கேட்டா அல்லாம் புரிஞ்சிட்ச்சின்றான் மேடம். பரிட்சைல முட்ட வாங்கினு வரான். அதான் ரெண்டு சாத்து சாத்தறேன்."

மேடம் பொதுவாக எல்லாரையும் பார்த்து, "கடல்ல இருக்கும்போது வயர்லெஸ்ல வீட்டுக்காரம்மா எப்படி இருக்கீங்கன்னு கேட்டா என்ன சொல்வீங்க?" என்றார்.

"நல்லாக்கீறேன்னுதான்" என்றார்கள் நாலைந்து பேர்.

"நல்லா இல்லாதப்போ?"

கொஞ்ச நேரம் ஊசிகள் மட்டும் ஓடின. பிறகு லூர்து என்கிற போட்டு டிரைவர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார். "ஒரு தபா இஞ்சின் நின்னுபோச்சி மேடம். ரெண்டு நாளு காத்துல அட்ச்சிகினு போறோம். அப்போதான் எங்க ரீட்டா பேசுது. சூப்பராக்கீறேன், நீ துன்னியான்னு கேட்டேன். மெய்யாலுமே அன்னிக்கு மூத்திரமே போய்ட்ச்சி எனக்கு."

சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரிப்பு அடங்கட்டும் என்று மேடம் காத்திருந்தார்.

"பிள்ளைங்களும் அப்படித்தான் லூர்து. புரியலன்னு சொன்னா அவங்க நல்லா இருக்காங்கன்னு அர்த்தம். எல்லாம் புரிஞ்சிடுச்சுன்னு சொன்னா பயந்துபோயிருக்காங்கன்னு அர்த்தம். அன்னைக்குத் திட்டாதீங்க. ஒண்ணும் கேக்கவும் வேணாம். போய்ப் பக்கத்துல உக்காருங்க, போதும்."

அன்றைக்கு அவர்கள் எடுத்துக்கொண்டுபோன வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்று. தினம் பிள்ளையிடம் "இன்னைக்கு என்ன புரியல?" என்று கேட்பது. மார்க் கேட்பதில்லை.

லூர்துவின் மனைவி ரீட்டாவை எனக்கு முன்பே தெரியும். கல்மண்டபம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். அம்மாக்களின் கூட்டத்துக்கு வியாபாரம் முடித்த கையோடு வந்து, தன்மேல் மீன் நாற்றம் அடிக்கிறது என்று வாசல் ஓரமாகவே உட்காருவாள். நான் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்காரவைப்பேன். "யக்கா, எனக்குக் கையெய்த்து போட்றத்த தவுர ஒண்ணியும் தெரியாது. அவ பட்ச்சா எதிர்க்க குந்திகினு மீனு ஆய்வேன், அவ்ளதான்" என்பாள். அதைவிடப் பெரிதாக எதையும் எங்கள் பயிற்சியில் யாரும் சொன்னதில்லை என்று அவளிடம் சொன்னேன். கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு முதுகில் ஒன்று வைத்தாள். அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஒரே மகள் ஜெனிபர், அந்த வருஷம் பத்தாம் வகுப்பு.

தடைக்காலம் முடிந்து போட்டுகள் கடலுக்குப் போன சில நாட்களில் ரீட்டா தலையில் அடித்துக்கொண்டு வந்தாள். "யக்கா, நீங்க சொல்லிக் குட்த்த கேள்விய எங்க ஆளு வயர்லெஸ்ல கேக்குது! அத்தினி போட்டும் கேட்டுகினு கீது. மானம் போவுதுக்கா!"

போய்ப் பார்த்தேன். துறைமுகத்தில் போட்டு ஓனரின் கொட்டகையில் ஒரு வயர்லெஸ் செட் உண்டு. ஓனரின் மச்சான்தான் அதைக் கவனித்துக்கொள்வார். சாயங்காலம் ஆனால் வீட்டுக்காரர்கள் வந்து கடலில் இருப்பவர்களிடம் பேசுவார்கள். அதில் ரகசியம் கிடையாது. ஒருவர் பேசுவதை அந்த அலைவரிசையில் இருக்கிற எல்லாப் போட்டும் கேட்கும். லூர்துவின் குரல் கரகரவென்று வந்தது.

"ஜெனிபரு, இன்னிக்கு இன்னாமா புரியல? ஓவர்."

பெண் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள். "ஒலகப் போரு ஏன் வந்திச்சின்னு புரியல நைனா. ஓவர்."

லூர்து யோசிப்பதற்குள் வேறொரு போட்டிலிருந்து ஒருவன் நுழைந்தான். "பங்காளிச் சண்டமா! வேற இன்னா கீது அதுல?" இன்னொருவன் அவனை மறுத்தான். அரைமணி நேரம் வங்காள விரிகுடா முழுவதும் உலகப் போரைப் பற்றிய விவாதம் நடந்தது. ஓனரின் மச்சான் பாட்டரி தீர்ந்துவிடும் என்று கத்திக்கொண்டிருந்தார்.

கோகிலா மேடத்துக்கு இது பிடிக்காது என்று நினைத்தேன். பிள்ளைக்குத் தெரியாததை நாலு பேர் முன்னால் கேட்கக் கூடாது என்பார் அவர். அவர் ஜெனிபரைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்குக் கஷ்டமா இருந்தா அப்பாகிட்ட நான் பேசறேன்" என்றார்.

"மொதல்ல பேஜாராதான் இர்ந்திச்சி மேடம். இப்போ அத்தினி பேர்ல ஒர்த்தருக்கும் தெரியலன்னு தெரிஞ்சிபோச்சி. ஜாலியாக்கீது" என்றாள் அவள். மேடம் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அடுத்த மாதம் அவரைத் தெற்கே வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பு, லூர்து கடலுக்குப் போய் நாலைந்து நாள் ஆகியிருந்தது. ரீட்டா மார்க்கெட்டில் மீன் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டாள். வயிற்று வலியை எத்தனை நாளாகச் சுக்குத் தண்ணீர் குடித்துச் சமாளித்தாள் என்று யாருக்கும் தெரியாது. பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்துவிட்டு, உள்ளே சீழ் பரவிவிட்டது, ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார்கள். நான் போனபோது என்னை அடையாளம் தெரிந்தது. "மீனு நாத்தம் அடிக்குதாக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

காசிமேட்டில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் இருக்கிறவனுக்குக் கெட்ட சேதி சொல்லமாட்டார்கள். வெளியாட்களுக்கு இது கல்நெஞ்சாகத் தெரியும். முன்பு ஒருவனுக்கு அவன் அப்பா செத்த சேதியை வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டார்கள். விடிந்தபோது அவன் போட்டில் இல்லை. அதற்குப் பிறகு வந்த வழக்கம் இது. பாதியில் திரும்பினால் போட்டில் இருக்கிற அத்தனை பேரும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டும் என்பதும் இருந்தது. அவன் வரட்டும், கரையில் கால் வைக்கட்டும், பிறகு சொல்லலாம் என்பதுதான் பேச்சு.

ஆனால் சாயங்காலம் ஜெனிபர் செட்டுக்கு வராவிட்டால் லூர்துவுக்குச் சந்தேகம் வரும். அதனால் ரீட்டாவின் அக்கா ஸ்டெல்லா ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "அம்மா வியாபாரத்துக்குப் பூட்ச்சின்னு சொல்லு. பாடத்துல எத்தயாவது கேளு. அய்வாத" என்று சொல்லிக்கொடுத்தாள். ஜெனிபர் அப்படியே செய்தாள். ஐஸ் ஏன் தண்ணீரில் மிதக்கிறது என்று கேட்டாள். கடலில் இருந்தவர்கள் குஷியாகப் பதில் சொன்னார்கள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் மேடத்துக்குப் போன் செய்தேன். அந்த மனுஷனுக்குத் தெரிய வேண்டாமா, மனைவியின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவேண்டாமா என்று அழுதேன். மேடம் என்னை அழவிட்டார். பிறகு, "அந்த ஊரு வழக்கத்த உடைக்கிற உரிமை உனக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது. நாம அவங்களுக்கு ஒரு கேள்வியத்தான் கொடுத்தோம். பதில் அந்தப் பொண்ணுகிட்ட இருக்கு. நீ அவ கூடவே இரு" என்றார்.

மறுநாள் மத்தியானம் ரீட்டா இறந்துபோனாள்.

வீட்டில் கண்ணாடிப் பெட்டி வந்து இறங்கியது. கோயிலில் ஃபாதரிடம் பேசினார்கள். லூர்து வர இன்னும் நாள் இருக்கிறது, அதுவரை வைத்திருக்க முடியாது, அடக்கம் செய்துவிடலாம், அவன் வந்து கல்லறையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவானது. முடிவெடுத்தவர்கள் எல்லாரும் அழுதுகொண்டுதான் எடுத்தார்கள். சாயங்காலம் ஆனது. ஸ்டெல்லா ஜெனிபரின் முகத்தைக் கழுவித் தலை வாரிவிட்டாள். செட்டில் முகம் தெரியாது என்பது அவளுக்குத் தோன்றவில்லை. நானும் கூடப் போனேன்.

லூர்துவின் போட்டு அப்போது ரொம்பத் தூரம் போய்விட்டிருந்தது. கரையிலிருந்து பேசினால் நேராக எட்டாது. நடுவில் சேகர் என்பவனின் போட்டு இருந்தது. அவன் கேட்டு, அந்தப் பக்கம் திருப்பிச் சொல்வான். அவனுக்கும் எதுவும் தெரியாது.

"மாமு கேக்குதும்மா, இன்னிக்கு இன்னா புரியலன்னு. ஓவர்" என்றான் சேகர்.

ஜெனிபர் பட்டனை அழுத்தினாள். விட்டாள். திரும்ப அழுத்தினாள். ஸ்டெல்லா பின்னாலிருந்து, "எத்தயாவது சொல்லுடி" என்று கிசுகிசுத்தாள். பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் கை அவள் தோளில் இருந்தது.

"அல்லாம் புரிஞ்சிட்ச்சின்னு சொல்லுண்ணா. ஓவர்" என்றாள்.

சேகருக்கு ஒரே சந்தோஷம். அவன் அந்தப் பக்கம் உரக்கச் சொன்னது எங்களுக்கும் கேட்டது. "மாமு! இன்னிக்கு ஒம் பொண்ணுக்கு அல்லாம் புரிஞ்சிட்ச்சாம்பா! கலக்குது!" வேறு யாரோ ஒருவன் விசிலடித்தான்.

செட்டில் இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஓனரின் மச்சான் குமிழைத் திருகிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சேகர் வந்தான். அவன் குரலில் உற்சாகம் போயிருந்தது. "வலைய இஸ்த்து ஏத்திகினு கரைக்கு வரேன்னுதும்பா மாமு. இன்னாத்துக்குன்னு கேட்டா சொல்ல மாட்டுது."

ஜெனிபர் மைக்கை அதன் இடத்தில் மாட்டினாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

அடக்கத்தை ஒரு நாள் தள்ளிவைத்தார்கள். மறுநாள் வெயில் தாழ்ந்தபோது போட்டு வந்தது. நாங்கள் ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தோம். வழியெல்லாம் லூர்து மகளுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார். அது எங்களுக்குத் தெரியாது. போட்டிலிருந்து ஜெனிபர் நிற்பதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவளை நோக்கிக் கையைக்கூட ஆட்டினார். பிறகு ஸ்டெல்லாவைப் பார்த்தார். பிறகு எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார், யார் இல்லை என்று. அந்த ஒரு நிமிஷத்தை நான் பார்த்திருக்க வேண்டாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது போட்டு ஓனர் தணிந்த குரலில் கேட்டார். "உனுக்கு யார்யா சேதி சொன்னது? நாங்க ஆரும் சொல்லலியே."

"எம் பொண்ணு சொன்னா."

"அது ஒண்ணியும் சொல்லலியேபா. அல்லாம் புரிஞ்சிட்ச்சின்னுதான..."

"அதான் சொல்லிட்டாளே" என்றார் லூர்து.

வெறுங்கையோடு திரும்பிய போட்டு ஆட்களில் ஒருவர்கூட அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதையும் எழுதிவைக்க வேண்டும்.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, ஜெனிபர் பத்தாவதில் என்ன மார்க் வாங்கினாள் என்று திவ்யா கேட்டாள். கோகிலா மேடத்தின் முதல் கட்டளையை இவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. பாஸானாள், பிளஸ் ஒன் சேர்ந்தாள், அவ்வளவுதான் சொல்வேன். அதுவும் லேசில் நடக்கவில்லை. அப்பன் கடலுக்குப் போனால் பெண் தனியாக இருக்க வேண்டும், அதனால் படிப்பை நிறுத்திவிட்டுத் தன்னோடு மார்க்கெட்டுக்கு வரட்டும் என்றாள் ஸ்டெல்லா. ரீட்டாவின் இடம் அங்கே அப்படியே இருந்தது. ஸ்டெல்லா கெட்டவள் இல்லை. அவளுக்குத் தெரிந்த வழி அது. லூர்துதான், "அவ ஸ்கூலுக்குப் போவட்டும். நான் கரையில கீறேன்" என்றார். விவரம் தெரிந்த நாளிலிருந்து கடலுக்குப் போனவர், துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலைக்குச் சேர்ந்தார்.

அடுத்த ஜூன் மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பள்ளிக்கூடம் திறந்திருந்தது. தடைக்காலம் மறுநாளோடு முடிகிறது. போட்டுகளுக்கெல்லாம் பெயிண்ட் அடித்து, கொடி கட்டி, ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லூர்துவின் போட்டுக்கு வேறு டிரைவர் வந்தாயிற்று. அவர் வீட்டுக்குள் கதவோரமாக உட்கார்ந்து யாருடைய வலையையோ பின்னிக்கொண்டிருந்தார். எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை அதிகம். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "சூப்பராக்கீறேன் டீச்சர்" என்றார். சொல்லிவிட்டு ஊசியை எடுத்துக்கொண்டார். நான் டீயைக் குடித்து முடித்தேன்.

ஜெனிபர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். வாசலில் என் செருப்பைப் பார்த்து, "டீச்சரா?" என்று கேட்டுக்கொண்டே நுழைந்தாள். அப்பாவைப் பார்த்தாள். துறைமுகத்துப் பக்கமிருந்து இஞ்சினை ஓட்டிப் பார்க்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது.

"நைனா, இன்னிக்கு ஒனக்கு இன்னா புரியல?" என்று கேட்டாள்.

லூர்து தலையை நிமிர்த்தவில்லை. கை பாட்டுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது.

"அல்லாம் புரிஞ்சிட்ச்சிமா" என்றார்.

ஜெனிபர் புத்தகப் பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். வேறொன்றும் கேட்கவில்லை. போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.